இரண்டாவது நாரை

என் கையில் பிறந்த படம் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்று ஊர் ஊராகப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருப்பேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு தடவை ஏமாற்றினேன் என்பது நன்றாகத் தெரியும். அந்த ஒன்று போதுமாக இருந்தது.

என் பெயர் கீட்டல். அல்சாஸில், முலூஸ் போகும் ரயில் பாதைக்குப் பக்கத்தில், மாட்டு வியாபாரிகளும் தானிய வியாபாரிகளுமாக நாற்பது யூத வீடுகள் இருக்கிற ஊர். எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பிள்ளையைக் கிடத்திய துணியைத் தாய்மார் துவைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். எவ்வளவு துவைத்தாலும் லேசாக ஒரு கறை நிற்கும். அதை நான்காகக் கிழித்து, நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்தால் ஒரு சாண் அகலத்தில் நீண்ட பட்டை கிடைக்கும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், கடைசியில் அந்த வேண்டுதல்: இவன் வேதத்துக்கும், மணப்பந்தலுக்கும், நற்செயல்களுக்கும் வளர்வானாக. எழுத்துக்குள்ளே மீன், பறவை, திராட்சைக் கொடி என்று மையும் வண்ணமும் நிரப்புவேன். மூன்று வயதில் தகப்பன் தோளில் ஏறி வந்து பிள்ளை அதைத் தொழுகைக்கூடத்தில் கொடுப்பான். அன்றிலிருந்து அது வேதச்சுருளைக் கட்டும் துணி. கல்யாணம் ஆகும்போது கூடத்துப் பெட்டியிலிருந்து எடுத்து மணப்பந்தலில் தொங்கவிடுவார்கள். அப்போதுதான் முழுசாகப் பிரியும். கல்யாணம் ஆகாதவனுடைய பட்டையை யாரும் கடைசிவரை பிரித்துப் பார்ப்பதில்லை.

லாசாரும் பாரூக்கும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மூன்று வயது முடிந்ததும் ஒரே ஓய்வுநாளில் கொடுக்க இரண்டு பட்டைகளும் தயாராக இருக்க வேண்டும். லாசாரின் அம்மா ரோஸீன், தானியக்கடைக்காரி. நெய்து வாங்கிய நேர்த்தியான வெள்ளைத் துணி அவளுடையது. அவளுடைய வாய்க்குப் பயந்தே இரண்டு வாரம் அந்த வேலையிலேயே உட்கார்ந்திருந்தேன். வரைந்த மணப்பந்தலுக்கு மேலே ஒற்றைக் காலில் ஒரு நாரையை நிறுத்தி, அலகில் ஒரு உப்பு முறுக்கு ரொட்டியைக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் கூரைகளில் வந்து உட்காரும் நாரைதான். என்னவோ அன்றைக்கு அது உயிரோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நானே பார்த்துச் சிரித்தேன்.

பாரூக்கின் அம்மா யென்டெல் ஊருக்குத் துணி துவைப்பவள். அவள் கொண்டுவந்தது சணல் கலந்த முரட்டுத் துணி. நாள் மூன்றுதான் பாக்கி. கண் எரிந்தது, கை கடுத்தது. லாசாரின் நாரையைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் குத்தி, யென்டெலின் துணிமேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினேன். அரை மணியில் நாரை தயார். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது, தையலை நீல நூலில் போட்டேன். பணக்காரிக்கு அசல், வண்ணாத்திக்கு நகல். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் அதைவிட அதிகமாக வந்தது.

யென்டெல் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

“ஐயோ, முறுக்கு ரொட்டி திங்குது பாரேன்! இது என் பையனுக்கு மட்டும்தானேடி?”

“பின்ன? வேற யாருக்கு?” என்றேன்.

பத்தொன்பது வருடம் கழித்து, போருக்கு முந்தின வசந்தத்தில், லாசாருக்கும் மெர்லேவுக்கும் கல்யாணம். பட்டையைப் பந்தலில் கட்டினார்கள். நாரையைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளைகூட அண்ணாந்து பார்த்துச் சிரித்ததில் மோதிரம் போட மறந்து நின்றான். சூப் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்த யென்டெல் பந்தலுக்குக் கீழே அப்படியே நின்றாள். நாரையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். ஒரு மாதம் என் துணிகளை மட்டும் துவைத்துத் தரவில்லை. பிறகு அவளாகவே வந்து எடுத்துப் போனாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் கையில், அதனால் எங்கள் பையன்களுக்கு ஜெர்மன் சீருடை மாட்டி ரஷ்யாப் பக்கம் அனுப்பினார்கள். போவதற்கு முன் சிலர் தங்கள் பட்டையைக் கேட்டார்கள், சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொள்ள. வேதத்தைக் கட்டிய துணி ஆளையும் கட்டிக் காப்பாற்றாதா என்று கூடத்துக் காவல்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார். யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். அவர் அந்தக் குளிரிலேயே போய்ச் சேர்ந்தார். மறு வருடம் ஒரு குண்டு கூடத்தின் கூரையில் விழுந்து, பெட்டியும் உள்ளே இருந்த பட்டைகளும் எரிந்தன. என் இருபது வருட வேலை ஒரு மதியத்தில் சாம்பலாயிற்று. நாங்கள் உயிரோடிருந்தோம், அதனால் நான் யாரிடமும் அழவில்லை.

லாசாரும் பாரூக்கும் ஒரே படைப்பிரிவு. பதினாறாம் வருடக் கோடையில், ஏதோ ஒரு ஆற்றங்கரைச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேர் பெயருக்கும் நேராக ஒரே சொல்தான் வந்தது: காணவில்லை.

செத்துவிட்டான் என்று வந்திருந்தால் மெர்லே விதவை. காணவில்லை என்றால் அவள் மனைவி, சாகும்வரை. எங்கள் சட்டம் அப்படி. சாட்சி இல்லாமல் இன்னொருவனைக் கட்டி, பழையவன் திரும்பி வந்துவிட்டால் அவள் இருவருக்கும் ஆகமாட்டாள். அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்கும் அதன் வம்சத்துக்கும் எங்கள் ஜனத்தில் யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. லாசாரோடு அவள் குடித்தனம் நடத்தியது நான்கு மாதம். காத்திருந்தது ஆறு வருடம். மாமியார் வீட்டுக் கடையில் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பெண் தானும் ஒரு மூட்டையாகிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் சீமோன், மனைவியை இழந்த மாட்டு வியாபாரி, நல்ல மனிதன். அவளைக் கட்டிக்கொள்ள பாஸ்காப் பண்டிகை வரை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். ஒவ்வொரு பாஸ்காவுக்கும் அதையே சொன்னான். இருபதாம் வருடம் அவனும் அலுத்துப்போனான்.

அந்த வருடம்தான் எங்கள் மதகுரு ரபிக்கு ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. போரில் படைக்கு ரபியாக இருந்தவர் அனுப்பியது. தம்மூஸ் மாதம் ஒன்பதாம் நாள் அந்த ஆற்றங்கரையில் ஒரு யூத வீரனைப் புதைத்தேன், முகம் இல்லை, அடையாளத் தகடு இல்லை, இடுப்பில் இது இருந்தது, ரத்தம் படாத பாதியை வெட்டி வைத்துக்கொண்டேன், எந்த ஊர்த் துணி என்று இத்தனை நாளாக விசாரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். பெயர் இருந்த பாதி மண்ணுக்குள். வந்த பாதியில் மணப்பந்தலும் நாரையும்.

மறுநாள் காலை மெர்லே என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“கீட்டல் அத்தை, உங்க நாரை வந்திருக்காம்! மாமியார் பாத்துட்டு அங்கயே மயங்கி விழுந்துட்டாங்க.”

“நீ பாத்தியா?”

“எனக்குக் காட்டல. நாளைக்கு உங்களையும் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க.” நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். “நான் அழணும்ல அத்தை? ராத்திரியெல்லாம் முயற்சி பண்ணேன், வரல. அவர் மூஞ்சிகூடச் சரியா ஞாபகம் இல்ல. மீசை இருந்துச்சு, அது தெரியும். நான் பாவியா?”

“இருபத்தாறு வயசு உனக்கு. அது பாவம் இல்ல.”

“அது அவரோடதுதானே? சொல்லுங்க. ஊரே பாத்து சிரிச்ச நாரை. வேற யாருக்கு இருக்கும்?”

“பாக்காம நான் என்னத்தடி சொல்றது” என்றேன். அவள் போன பிறகு அலமாரியின் அடித்தட்டைத் துழாவினேன். ஊசி குத்திய அந்தக் காகிதம் இருபத்தைந்து வருடமாக அங்கேயேதான் கிடந்தது. லாசாராகவும் இருக்கலாம், பாரூக்காகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாசாராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருத்தன் செத்திருக்கட்டும் என்று வேண்டுகிறோமே என்று அப்போது உறைக்கவில்லை.

ரபியின் அறையில் அவரும் இரண்டு பெரியவர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருத்தன் செத்ததைச் சொல்ல எங்கள் சட்டத்தில் பெண்ணின் சாட்சியம் செல்லும். எதிரே ரோஸீன், மெர்லே, நான். கதவோரமாக யென்டெல். அவள் மகனும் அதே ஆற்றங்கரையில் காணாமல் போனவன் என்பதால் அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளைத்தான் முதலில் கேட்டார் ரபி.

“யென்டெல், உன் பையனோட பட்டை எங்கம்மா?”

“பெட்டியோட எரிஞ்சு போச்சுங்க ரபி.”

“அவன் எடுத்துட்டுப் போகலையா?”

“அவனா? கையுறையே மறந்துட்டுப் போனவன்.”

“அதுல மணப்பந்தல்கிட்ட என்ன படம்?”

“பூ” என்றாள் யென்டெல். “வெறும் பூ. என் மாதிரி ஆளுக்கு என்ன போடுவாங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரபி துணியை என் பக்கம் தள்ளினார்.

தொட்டவுடனே தெரிந்துவிட்டது. பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. விரலுக்குக் கீழே சணல் நறநறவென்றது. வண்ணம் மங்கியிருந்தாலும் நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் இருந்தது. அலகுக்குக் கீழே, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், நீல நூல். மூன்றாவது தையலில் நான் தூக்கக் கலக்கத்தில் போட்ட கோணல் முடிச்சுகூட இருந்தது. பாரூக் எடுத்துத்தான் போயிருக்கிறான். அம்மாவிடம் சொன்னானோ சொல்லவில்லையோ, இடுப்பில் சுற்றிக்கொண்டு போய் அங்கே செத்திருக்கிறான். லாசார் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“உன் கை வேலையா?” என்றார் ரபி.

“ஆமாங்க.”

“இந்த நாரையை எத்தனை தடவை வரைஞ்சிருக்க? அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லு. இன்னும் பிறக்காத பிள்ளைங்களோட தலையெழுத்து இப்ப உன் நாக்குல இருக்கு.”

மெர்லே கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் நகமே இல்லை, எல்லாவற்றையும் கடித்துத் தின்றிருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் கிழவியாகும்வரை அந்த மூட்டைகளுக்குப் பின்னால்தான். கதவோரம் திரும்பினேன். யென்டெல் இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சை கேட்கிறவள் பார்வை அது. என் பிள்ளையைச் சாகவிடாதே என்று கேட்கிற பார்வை. என் வாயிலிருந்து உண்மை வரக் கூடாது என்று அந்த அறையில் இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மை வேண்டும் என்று கேட்க அங்கே இருந்த ஒரே ஆள் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்தான்.

“ஒரே தடவை” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, “ஒரே படத்தை ரெண்டு தடவை போடறவளா நான்? ஊரைக் கேட்டுப் பாருங்க” என்றேன்.

பெரியவர்களில் ஒருவர் தாடிக்குள் சிரித்தார். “அது சரி. இவ திமிரு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

ரபி சிரிக்கவில்லை. துணியைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தார். சொந்தப் பட்டையை எவனும் இன்னொருவனுக்கு இரவல் கொடுக்கமாட்டான், ஆகவே செத்தவன் லாசார் என்று எழுதினார். ரோஸீன் மார்புத் துணியைக் கிழித்துக்கொண்டு கத்தினாள். ஏழு நாள் அந்த வீட்டில் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து அழுதார்கள். லாசாரின் தகப்பன் பதினொரு மாதம் தினமும் அவன் பெயருக்கு இறந்தோர் வேண்டுதலைச் சொன்னார். புதைத்த இடத்தில் நடுவதற்கு லாசார் என்று செதுக்கி ஒரு கல்லும் அனுப்பினார். அந்தக் கல்லுக்குக் கீழே பாரூக் கிடக்கிறான். அவனுக்காக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊசி குத்திய காகிதத்தை அடுப்பில் போட்டேன். மெர்லே கோடை முடிவதற்குள் சீமோனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வீதியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். நகம் வளர்ந்திருந்தது. அதைப் பார்த்தால் நான் செய்தது சரி என்று தோன்றும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் போய்விடும்.

மறு வசந்தத்தில், செத்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்திருந்த ஒருவன், மூன்று ஊர் தள்ளி இருக்கிறவன், சைபீரியாவிலிருந்து பல்லெல்லாம் போய்த் திரும்பி வந்தான். அங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னானாம். என் மேசை ஜன்னல் ரயில் நிலையத்தைப் பார்த்தது. அன்றிலிருந்து ரயில் சத்தம் கேட்டால் தூரிகையை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். மீசை வைத்த ஆள் எவனாவது இறங்குகிறானா என்று கடைசி ஆள் போகும்வரை நிற்பேன். ஒரு நாளைக்கு ஆறு ரயில். மெர்லே அப்போது நிறைமாதம்.

பாரூக்கைப் புதைத்த நாள், தம்மூஸ் ஒன்பது, வந்தது. முந்தின மாலை செத்தவர்களுக்கு ஏற்றும் நினைவு விளக்கை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏற்றி அலமாரிமேல் வைத்தேன். ஒரு நாள் முழுக்க எரியும். யாரும் அழாத ஒருத்தனுக்கு நானாவது ஏற்றுகிறேன் என்று நினைத்தேன். பொய்க்கு மெழுகு பூசுகிறேன் என்றும் தெரிந்தேதான் இருந்தது.

மறுநாள் காலை யென்டெல் கூடையோடு வந்தாள். மெர்லேவுக்கு மூன்று வாரத்துக்கு முன் ஆண் பிள்ளை. விருத்தசேதனத் துணியை யென்டெல்தான் துவைத்து எடுத்து வந்திருந்தாள்.

“கறை முழுசாப் போகல. உனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிக்கொண்டே துணியை மேசையில் வைத்தாள். விளக்கைப் பார்த்தாள். “யாருக்குடி இது?”

“அம்மாவுக்கு.”

“உங்கம்மா செத்தது ஹனுக்கா சமயத்துல. தரை உறைஞ்சு போய்க் குழி தோண்ட முடியாம நின்னாங்க. சவத்துணியைத் தச்சதே நான்.”

வெளியே பத்து மணி ரயில் வந்து நின்றது. எழுந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

“யென்டெல், அந்தத் துணி. அதுல நீல நூல்...”

“எந்த நூல்?” என்றாள். குரல் உயரவே இல்லை. “என் பையன் துணியில பூ. நாரை ஒண்ணுதான்னு நீயே ரபிகிட்ட சொன்ன. மூணு ஆம்பளைங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.”

பிறகு எழுந்து போனாள். விரலை நாக்கில் நனைத்து, திரியை நசுக்கி அணைத்தாள். புகை அவள் முகத்துக்கு நேராக எழுந்தது.

“உயிரோட இருக்கறவனுக்கு இத ஏத்தக் கூடாதுடி. ஆகாது.”

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் முதல் தடவை, அவள் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கூடைக்குள் கைவிட்டு அடியிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். சணல் கலந்த முரட்டுத் துணி, புதிது, நான்கு துண்டுகளாகக் கிழித்துத் தைத்தே கொண்டுவந்திருந்தாள். தையல் வெள்ளை நூலில் இருந்தது.

“பாரூக்கோடது எரிஞ்சு போச்சில்ல. வந்தான்னா கல்யாணத்துக்குத் துணி வேணும். முப்பது வயசாகப் போகுது அவனுக்கு. முதல்ல இத எழுது, அந்தப் பிள்ளைக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.”

“என்ன எழுத?”

“எல்லாருக்கும் எழுதறதுதான். வேதம், பந்தல், நற்செயல். விட்டுடாத.”

செத்துப்போனவனுக்கு அந்த வேண்டுதலை எழுதக் கூடாது. அவள் கண்ணை ஒரு தடவை பார்த்தேன், பிறகு துணியை இழுத்து மேசையில் விரித்து நான்கு மூலையிலும் பளு வைத்தேன். பென்சிலைக் கூர் சீவினேன்.

“பந்தலுக்கு மேல பூவா?” என்று கேட்டேன்.

யென்டெல் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நாரை” என்றாள். “இந்தத் தடவையாவது அவனுக்கு மட்டும்.”

பாரூக் என்று எழுத ஆரம்பித்தேன். முதல் எழுத்து முடியும்வரை அவள் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.